மானுக்குக் கீழே கடல் நத்தை

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவன். என் எழுத்து, அளவு தப்பி வெட்டிய தாள்போல ஒரு பக்கமாகச் சாய்ந்தே போகும். சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்பது இன்றைக்கும் எனக்குத் தகராறுதான். பொங்கல் மலருக்காக இதை டைப் அடிக்கிறவர் பிழைகளைத் திருத்திக்கொள்ளலாம். விஷயத்தை மட்டும் திருத்த வேண்டாம்.

சிவகாசியில் ஒரு அச்சகத்தில் கட்டிங் மிஷினில் வேலை பார்க்கிறேன். ஊர் ஆமத்தூர். என்னோடு பல வருடம் வேலை பார்த்தவர்களுக்கும் என் குரல் சரியாகத் தெரியாது. யாராவது சத்தமாகக் கூப்பிட்டால்கூட எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். அப்படிப்பட்டவன் இன்று பேனாவை எடுத்தது ஒரு பெண்ணைப் பற்றி எழுத. பெயரைப் போடவில்லை. அச்சகத்தில் அவரை எல்லோரும் டீச்சர் என்போம். அவர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் டீச்சராக இருந்ததில்லை.

அவருடைய வேலை சரிபார்ப்பது. மிஷினிலிருந்து வரும் முதல் தாளை, ஆர்டர் கொடுத்தவர் ஒப்புக்கொண்ட தாளுக்குப் பக்கத்தில் விரித்துவைத்துப் பார்ப்பார். கூட்டமான பஸ்ஸில் கண்டக்டர் போவதுபோல அவர் கண் இந்தத் தாளுக்கும் அந்தத் தாளுக்கும் போய்ப் போய் வரும். எல்லாம் சரியென்றால் பச்சைப் பேனாவால் ஒரு கையெழுத்து. அது விழுந்த பிறகுதான் மிஷின் ஓடும்.

அந்தப் பழக்கம் தாளோடு நிற்கவில்லை. டீச்சருக்கு எதையும் தனியாகப் பார்க்கத் தெரியாது. பக்கத்தில் இன்னொன்று வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் வேஸ்ட் தாள் ஒன்றை எடுத்து நடுவில் கோடு கிழித்து, இரண்டு பக்கமும் எழுத ஆரம்பித்துவிடுவார். பள்ளிக்கூடத்தில் வேறுபடுத்துக என்று கேள்வி வருமே, அந்த மாதிரி. ஆனால் வேற்றுமை கடைசியில்தான் வரும்.

“வேத்துமைய யாரும் சொல்லிருவாக. கண்ணத் தொறந்தாலே அதுதான தெரியுது. ஒத்துமையத்தான் தேடணும்” என்பார்.

பேக்கிங்கில் இருந்த வாயாடி அக்கா ஒருத்தி இதையே விளையாட்டாக்கிவிட்டாள். தினமும் சம்பந்தமில்லாத இரண்டைக் கொண்டுவந்து போடுவாள்.

“டீச்சர், நம்ம மேனேஜரும் சரவெடியும். சொல்லுங்க பாப்போம்.”

டீச்சர் சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தார். “ரெண்டும் எவனாச்சும் ஒருத்தன் திரியப் பத்தவச்சாத்தான் வெடிக்கும்.”

“வேத்துமை?”

“சரவெடி ஒரு எடத்துல ஓஞ்சிரும்.”

அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் ஒருத்திக்குப் புரையேறி முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. மேனேஜர் கண்ணாடி அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். நான் தூணுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து தலையைக் குனிந்து சிரித்தேன்.

டீச்சருக்கு இடது கை முழுக்கத் தீக்காயத் தழும்பு. கழுத்து வரைக்கும் ஏறியிருக்கும். கறுத்த தோலில் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள். முழுக்கைச் சட்டை தைத்துப் போடச் சொல்லி பேக்கிங் பெண்கள் சொன்னபோது, “நான் என்ன களவாண்டா வச்சிருக்கேன், மூடி வைக்க?” என்றார். வெளியூரிலிருந்து ஆர்டர் கொடுக்க வருகிறவர்கள் கையையே பார்ப்பார்கள். அவர் வேலையை நிறுத்திவிட்டுக் கையை மேசைமேல் நீட்டி வைப்பார். “நல்லாப் பாத்துக்கிடுங்க. பாத்து முடிச்சதும் சொல்லுங்க, வேலையப் பேசுவோம்.” வந்தவர் முகம் சுருங்கிப் போகும்.

காயம் எப்படி வந்தது என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அன்று மழை, கரண்ட் இல்லை, மிஷின் ஓடவில்லை. அச்சகத்துக்கு வருவதற்கு முன்னால் அவர் ஒரு பட்டாசுக் கம்பெனியில் இருந்திருக்கிறார்.

“ரெண்டு டப்பா. ரெண்டுலயும் வெள்ளைப் பொடி. பாக்க ஒண்ணுபோலத்தான் இருக்கும். ஒருத்தன் மாத்தி எடுத்துட்டான்” என்றார். “எடுத்து ஒரு நிமிசத்துல அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு. சூப்பர்வைசர் வைவாருன்னு சொல்லாம நின்னுட்டான். ஒரு சத்தம் குடுத்திருந்தா நாங்க அம்புட்டுப் பேரும் வெளிய ஓடியிருப்போம்.”

“கொலகாரப் பய” என்றாள் வாயாடி அக்கா.

“இல்லக்கா. பயந்த பய. ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டில்ல கெடந்து அவனே சொன்னான். அவனும்தான் போயிட்டான்.”

அதற்குப் பிறகுதான் அவருக்கு எதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற பழக்கம் வந்ததாம். பட்டாசுக் கம்பெனி வாசலை இனி மிதிப்பதில்லை என்று ஆஸ்பத்திரிப் படுக்கையிலேயே முடிவெடுத்திருக்கிறார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் பள்ளிக்கூடங்களுக்கான பட அட்டை ஆர்டர் வந்தது. ஒரு தாளில் பதினான்கு அட்டை. மேல் வரிசையில் தரையில் வாழும் ஏழு, கீழ் வரிசையில் கடலில் வாழும் ஏழு. முன்பக்கம் படம், பின்பக்கம் அதைப் பற்றி நாலு வரி. மேல் வரிசையில் நடுப் படம் புள்ளிமான். அதற்கு நேர் கீழே கடல் நத்தை. நத்தை என்றாலும் முதுகில் ஓடு கிடையாது. விரல் நீளத்தில் வெள்ளை உடம்பு, அதில் சிவப்புப் புள்ளிகள். கடலில் இப்படி ஒன்று இருப்பதே எங்களில் யாருக்கும் அதுவரை தெரியாது.

வாயாடி அக்கா விடுவாளா? “டீச்சர், மேல மான், கீழ இந்தக் கொழகொழ. இதுக்கு என்ன ஒத்துமை இருக்கு? இன்னைக்கு மாட்டுனீக.”

டீச்சர் பதிலுக்கு நாலு நாள் எடுத்துக்கொண்டார். போனில் கடல் நத்தை வீடியோவும் மான் வீடியோவும் மாறி மாறி ஓடின. ஒரு மான் புலியைப் பார்த்துவிட்டுக் கத்துகிற வீடியோவை எங்களுக்குப் போட்டுக் காட்டினார். நாய் குரைப்பதற்கும் விசில் அடிப்பதற்கும் நடுவில் ஒரு சத்தம். பேக்கிங் பெண்கள் அன்று சாயங்காலம் வரை மேனேஜர் வரும்போதெல்லாம் அந்தச் சத்தத்தைப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவர் எழுதிய வேஸ்ட் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. இதை எழுதும்போது பக்கத்தில்தான் வைத்திருக்கிறேன். இரண்டுக்கும் உடம்பில் புள்ளி. இரண்டும் மேய்கிற பிராணி, மான் புல்லை மேயும், நத்தை கடற்பஞ்சை மேயும். இரண்டுக்கும் தலையில் கொம்புபோல இரண்டு. ஆண்மானுக்கு அது முட்ட, நத்தைக்கு மோந்து பார்க்க. இரண்டும் ஒன்றை இழக்கும். மானுக்குக் கொம்பு விழுந்து திரும்ப முளைக்கும். நத்தைக்குக் குஞ்சாக இருக்கும்போது ஓடு இருக்கும், விழுந்தால் திரும்ப வராது.

இதை வாசித்துக் காட்டியபோது வாயாடி அக்கா, “வேத்துமை?” என்றாள், கொஞ்சம் மரியாதையாக.

“புள்ளிதான்க்கா வேத்துமையும்” என்றார் டீச்சர். “மானுக்குப் புள்ளி எதுக்குன்னா, யாரு கண்ணுலயும் படாம எல நெழலுக்குள்ள நிக்கிறதுக்கு. இதுக்குப் புள்ளி நல்லாத் தெரியணும். திங்கிறதுல இருக்கிற விசத்தப் பூராவும் ஒடம்புல சேத்து வச்சிருக்கு. ஓட முடியாது, ஒளிய முடியாது, ஓடும் கெடையாது. பாத்துக்கோ, கிட்ட வராதன்னு சொல்லுது.” தன் கையைத் தூக்கிக் காட்டினார். “நானும் அந்த ரகம்தான்.”

எல்லோரும் சிரித்தார்கள். அப்போதுதான் தூணுக்கு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

“கட்டிங் அண்ணே மான். ஆளு அங்கன இருக்காகளா இல்லையான்னே தெரியாது. நெழலோட நெழலா நிப்பாக.”

யாரும் என்னை எதனோடும் ஒப்பிட்டதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். “மானுக்கு இம்புட்டுத் தொப்பை இருக்காதே” என்றாள்.

பிறகு நடந்ததை எழுதத்தான் எனக்கு இவ்வளவு நாள் ஆனது.

தாளின் முன்பக்கம் அடித்துக் காய்ந்ததும் அடுக்கைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கம் அடிக்க வேண்டும். இந்த வேலையில் புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டுகிற மாதிரி, பக்கவாட்டில் திருப்ப வேண்டும். அடுக்கைத் திருப்புகிற ஆள் அன்று ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். மிஷின்காரர் என்னைக் கூப்பிட்டார். முதல் அடுக்கை அவரே திருப்பி, முதல் தாளை டீச்சரிடம் காட்டிப் பச்சைக் கையெழுத்து வாங்கிவிட்டார். இரண்டாவது அடுக்கை நான் திருப்பினேன். கட்டிங்கில் நான் தாளைக் காலண்டர் தாளைத் தூக்குவதுபோலக் கீழிருந்து மேலாகத் திருப்பியே பழகியவன். கை பழக்கத்துக்குப் போய்விட்டது. மேல் வரிசை கீழே வந்தது, கீழ் வரிசை மேலே போனது. திருப்பியதற்கு அடையாளமாக அடுக்கின் ஓரத்தில் ஒரு கோடு போட வேண்டும். எல்லோரும் பேனாவால் போடுவார்கள். நான் மட்டும் என் மேசையில் கிடக்கும் நீலச் சாக்பீஸால் போடுவேன். அன்றும் போட்டேன்.

அந்த அடுக்கு முழுக்க மானுக்குப் பின்னால் கடல் நத்தையின் வரிகள் விழுந்தன, நத்தைக்குப் பின்னால் மானின் வரிகள். எழுத்து தலைகீழாகத்தான் இருந்தது. ஆனால் அட்டையை மேல்வாக்கில் புரட்டினால் நேராகத் தெரியும். வெட்டியவனும் நான்தான். வெட்டும்போது படப் பக்கம் மேலே இருக்கும், நான் வெட்டுக் கோட்டைத்தான் பார்ப்பேன்.

லோடு போய்ச் சில வாரம் கழித்து ஆர்டர் கொடுத்தவர் ஒரு வீடியோ அனுப்பினார். மேனேஜர் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்திப் போட்டுக் காட்டினார். ஒரு வகுப்பறை. ஒரு சிறுமி மான் படத்தை எல்லோருக்கும் காட்டிவிட்டு, புரட்டி வாசிக்கிறாள். “இதற்கு ஓடு கிடையாது. கடலின் அடியில் மெல்ல ஊர்ந்து செல்லும்.” வகுப்பே சிரிக்கிறது. அடுத்த சிறுமி கடல் நத்தையைக் காட்டுகிறாள். “இது கூட்டமாக வாழும். புலியைக் கண்டால் குரல் கொடுத்துவிட்டு ஓடும்.”

எங்களில் யாரும் சிரிக்கவில்லை.

“ஜாப் கார்டுல ஒரே கையெழுத்துதான் இருக்கு” என்றார் மேனேஜர். “பச்சைக் கையெழுத்து. என்ன டீச்சர், மானுக்கும் நத்தைக்கும் வித்தியாசம் தெரியாதா ஒங்களுக்கு?”

டீச்சர் ஓரத்தில் கிடந்த மிச்சத் தாள்களிடம் போனார். வெட்டாமல் எடுத்துவைத்த கொஞ்சம் தாள், அந்த இரண்டாவது அடுக்கில் மிஞ்சியது. மேல் தாளைப் புரட்டிப் பார்த்தார். புரிந்துவிட்டது. “இந்த அடுக்கத் திருப்புனது யாரு?” என்று கேட்டார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

மிஷின்காரர் ஜன்னலைப் பார்த்தார். நான் தூணுக்குப் பக்கத்தில் நின்றேன். ஒரே வார்த்தை, நான்தான் என்று சொன்னால் போதும்.

டீச்சர் தாள்களின் ஓரத்தில் விரலை வைத்து மெதுவாக ஓட்டினார். விரலைத் திருப்பிப் பார்த்தார். நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது, விரல் நுனியில் நீலம். அவர் தலையைத் தூக்கவே இல்லை. விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

“கையெழுத்து என்னது. அதனால தப்பும் என்னதுதான்” என்றார்.

“நாளையிலருந்து பேக்கிங்ல ஒக்காருங்க” என்றார் மேனேஜர்.

டீச்சர் பச்சைப் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு, சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போனார். தூணைத் தாண்டும்போது நின்றதுபோல இருந்தது. நின்றாரா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. நான் கீழே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாளிலிருந்து அவர் வேலைக்கு வரவில்லை.

சிவகாசியில் ஒரு அச்சகத்துச் செய்தி அடுத்த அச்சகத்துக்குப் போக ஒரு டீ குடிக்கிற நேரம் போதும். மானை மாத்துன டீச்சர் என்று பெயராகிவிட்டது. சரிபார்க்கும் வேலைக்கு அவரை யாரும் எடுக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். கேள்விப்பட்டுவிட்டுக் கட்டிங் மிஷினுக்குப் போனேன்.

இரண்டு வருடம் போனது. என் மனைவி பட்டாசுக் கம்பெனியில் லேபிள் ஒட்டுகிறாள். கம்பெனி வேன் காலையில் மெயின் ரோட்டில் எங்கள் ஊர்ப் பாதை பிரியும் ஆமத்தூர் விலக்குக்கு வந்து ஏற்றிக்கொண்டு போகும். இந்தப் புரட்டாசியில் ஒரு நாள் வேலை முடிந்து வந்தவள், “ஒங்க டீச்சரு எங்க வேன்ல வாராக. மல்லாங்கிணத்துல ஏறுவாக போல, முன் சீட்டு” என்றாள்.

“எந்த டீச்சர்?” என்றேன், தெரிந்துகொண்டே.

“ஒங்கள மான்னு சொன்னவுகதான். கைய வச்சு அடையாளம் கண்டேன். வெடிமருந்துப் பக்கம் வர மாட்டேன்னு சொல்லித்தான் சேந்தாகளாம், வெடிக்குக் காகிதக் குழாய் சுத்துறாக. ஆனாலும் காத்துல மருந்து வாடை வந்தா எந்திரிச்சு வாசலுக்குப் போயிருறாக. பாக்கச் சகிக்கல.”

சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“இத வயித்துல வச்சுக்கிட்டா ரெண்டு வருசம் எங்கையால சோறு தின்னீக? நாளைக்கு வேனுக்கு என்கூட வாங்க.”

மறுநாள் போனேன். வேன் நின்றதும் முன் சீட்டிலிருந்து அவரே என்னைப் பார்த்துவிட்டார். இறங்கி வந்தார். இளைத்திருந்தார்.

“என்னண்ணே, நல்லாருக்கீகளா?”

“அந்த அடுக்கு…” என்றேன். மனைவி முதுகில் முழங்கையால் இடித்தாள். “நாந்தான் திருப்புனேன்.”

“தெரியும்ணே. நீலச் சாக்பீஸ்ல கோடு போடுறது நீங்க ஒருத்தர்தான.”

“அப்புறம் ஏன் சொல்லல?”

“நீங்க அங்கனதான நின்னீக. நீங்க சொல்லுவீகன்னுதான் அம்புட்டு நேரம் நின்னேன்.”

டிரைவர் ஹாரன் அடித்தார். டீச்சர் முகத்தில் கோபம் இல்லை. இரண்டு தாளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற அதே முகம்.

“ஒங்கள மான்னு சொன்னேன்ல, அது தப்புண்ணே. சரியாப் பாக்காமச் சொல்லிட்டேன். மான் கத்திட்டுத்தான் ஓடும்.”

“இப்பச் சொல்லிட்டேன்ல” என்றேன். சின்னப் பிள்ளை மாதிரி இருந்திருக்கும்.

“எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? எனக்குத்தான் தெரியுமே. அன்னைக்கு நின்னவுக அம்புட்டுப் பேருகிட்டயும் சொல்லுங்க.”

வேன் போய்விட்டது. அதன்பிறகு மேனேஜர் அறை வாசலுக்கு மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் லீவு கேட்டுவிட்டுத் திரும்பினேன். வாயால் என்னால் முடியாது என்று தெரிந்தது. அப்போதுதான் தொழிலாளர்கள் கொண்டுவரும் பொங்கல் மலருக்கு யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். அன்று நின்றவர்கள் எல்லோரும் இந்த மலரை வாங்குவார்கள். மற்ற அச்சகங்களுக்கும் போகும்.

ஆகவே எல்லோரும் அறிய எழுதுகிறேன். பட அட்டை ஆர்டரில் இரண்டாவது அடுக்கைத் தப்பாகத் திருப்பியவன் கட்டிங் மிஷினில் இருக்கும் நான்தான். டீச்சர் பார்த்துக் கையெழுத்துப் போட்டது முதல் அடுக்கின் தாள். அது சரியான தாள். அவர் பார்வையில் ஒரு பிழையும் தப்பவில்லை. தப்பு யாருடையது என்பதுகூட அவருக்கு அன்றைக்கே தெரிந்திருந்தது.

வேன் இப்போதும் காலை ஏழேகாலுக்கு ஆமத்தூர் விலக்குக்கு வந்து போகிறது. முன் சீட்டில் அவர் இருக்கிறார். சரிபார்க்க ஆள் தேடுகிற அச்சகத்துக்காரர்கள் அங்கே வந்து கேட்கலாம்.

ஆமத்தூர்,
மார்கழி 19.